பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஓர் ஆலோசனை அறை

செந்தில், போனில் நீ என்னிடம் பேசுவது மொத்தம் மூன்றே சொல். "ம்", "சரிப்பா", "வச்சிடுறேன்". முப்பது வருடமாகத் தீவன வியாபாரம் செய்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆளைக்கூட உட்கார வைத்து, டீ சொல்லி, பேச்சுக் கொடுத்து, இரண்டு மூட்டைத் தவிட்டைத் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறேன். பெற்ற பிள்ளையை ஐந்து நிமிஷம் பேச வைக்க என்னால் முடியவில்லை. அடுத்த மாதம் நீ மஸ்கட் போகிறாய் என்பதே உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். விசா வந்துவிட்டதாம். டிக்கெட் போட்டாகிவிட்டதாம். திருப்பூரிலிருந்து நேராகத் திருச்சி விமான நிலையம் போய் ஏறிக்கொள்வாயாம். திருச்சியில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நம் வீட்டில் இருக்கலாம். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு ஊருக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறாய். என்ன பிடிவாதம் இது? யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் உன் அம்மா பதில் சொல்லிவிடுவாள்.

இதைத் தனியாக எழுதி உறையில் போட்டு அனுப்பினால் நீ பிரிக்காமலே வைத்துவிடுவாய். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் கம்பெனியில் யாராவது ஒருவர் "டேய், இது உங்கப்பாதானே?" என்று கொண்டுவந்து உன் கையில் திணிப்பார். இன்னொரு காரணமும் உண்டு. ஊர் முன்னால் நடந்த ஒன்றை ஊர் முன்னால்தான் சரி செய்ய வேண்டும். அதை எடுத்தவுடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உன் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. பெரம்பலூர் பக்கம் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. ஒரு வேன்தான் பேசியிருந்தோம். விடிந்ததும் பார்த்தால் வேனில் அடங்காத கூட்டம். வேனுக்குள் திணிக்க முடிந்தவர்களைத் திணித்த பிறகும் ஒன்பது பேர் வாசலில் நின்றார்கள். அந்த ஒன்பது பேரும் நம் லோடு வண்டியில், அண்டாவும் அரிசி மூட்டையும் கிடந்த இடத்தில் ஏறினார்கள். வண்டியை ஓட்டியது நீ. உன் சித்தி, உன் அம்மாவின் தங்கை, பிள்ளைகளை உள்பக்கம் தள்ளிவிட்டு, தான் கடைசியில் கதவோரம் உட்கார்ந்தாள். அரியலூர் ரோட்டில் வேகத்தடைக்கு நீ வண்டியை மெதுவாக்கினாய். பின்னால் வந்த லாரி மெதுவாக்கவில்லை. அவ்வளவுதான். எட்டுப் பேர் கட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். சித்தி வரவில்லை.

உன் ஓட்டுதலில் தப்பில்லை என்று போலீஸே எழுதினார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் சித்தப்பா போலீஸ் கேட்காத கேள்வியைக் கேட்டார். "லோடு வண்டியில ஆள ஏத்தச் சொன்னது எவன்டா?" சுற்றி நம் சனம் முழுக்க நின்றது. நீ நெற்றியில் கட்டுடன் நின்றாய். என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு, "நான்தான் சித்தப்பா" என்றாய். அவர் உன்னை அடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த இடத்தில் எது நிஜம் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன், இதற்குத் திரும்ப வருவேன்.

அதற்குப் பிறகு நீ இருந்த இருப்பைப் பார்த்து நான் செய்த வைத்தியங்களை நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. பயந்திருக்கிறான் என்று மந்திரித்துக் கயிறு கட்டினேன். அந்த வண்டியைப் பார்த்துத்தான் மனசு கெடுகிறது என்று அதை விற்றுவிட்டுப் புது வண்டி எடுத்தேன். கலரைக்கூட மாற்றி எடுத்தேன், பார். பெண் பார்க்க உடையார்பாளையம் கூட்டிப் போனேன், அங்கே நீ காபி டம்ளரைக் கையில் வைத்தபடியே எழுந்து வாசலுக்குப் போய்விட்டாய். மீன்சுருட்டிக்கு லோடு கொண்டு போகச் சொன்னால், பாதி வழியில் ஒரு லாரி ஹார்ன் அடித்ததற்கு வண்டியை அப்படியே விட்டுவிட்டு, சாவியும் அதிலேயே கிடக்க, நடந்து வீட்டுக்கு வந்தாய். பருத்திக்கொட்டை மூட்டை அத்தனையும் ரோட்டில் நிற்கிறது. நான் என்ன கேட்டேன்? "மூட்டைய எவன் பாத்துக்குவான்?" என்று கேட்டேன். மகனுக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் நீ திருப்பூர் கிளம்பிவிட்டாய். போனால் போகட்டும், நாலு இடம் பார்த்தால் தெளிந்துவிடுவான் என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

நீ போன பிறகு நம் பேரூராட்சிக்கு ஒரு கடிதம் வந்தது. நம் பக்கம் ரோட்டில் சாகிறவர்கள் அதிகம், செத்தவர்களின் வீட்டில் மிஞ்சுகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை, அதற்கு மனநல ஆலோசனை அறை ஒன்று வைக்க வேண்டும், ஒரு வருடத்துக்கு மாவட்டத்திலிருந்து பணம் தருகிறோம், அதன் பிறகு பேரூராட்சி தன் பொது நிதியில் நடத்திக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. நான் வார்டு மெம்பர். விபத்தில் அடிபட்டவர்கள் எல்லாம் என் வார்டு. இடம் பார்த்துக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அரசாங்கப் பணம் எப்படி வரும் என்று நீ பார்த்ததில்லையே. ஓடு பதிக்கத் தனியாக நிதி உண்டு. சுண்ணாம்பு அடிக்க உண்டு. நாற்காலிக்கு உண்டு. பெயர்ப் பலகைக்கு உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசப் போகிற ஆளின் சம்பளத்துக்குக் கணக்குத் தலைப்புத் தேடித்தான் செயல் அலுவலர் நாலு மாதம் அலைந்தார். கடைசியில் பரிமளா என்று ஒரு பொண்ணு வந்தது. பெரம்பலூர்க்காரி. வாரத்தில் மூன்று நாள் நம் ஊர், மற்ற மூன்று நாள் பெரம்பலூர். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகும்.

இடம் பார்க்க அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். சுகாதார நிலையத்துக்குப் பின்பக்கம், வேப்ப மரத்தடியில் காலியாகக் கிடந்த ஓர் அறையைக் காட்டி, "இது போதும் சார், அமைதியா இருக்கு" என்றது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. "ஏம்மா, கடைய சந்துக்குள்ள வச்சா எவம்மா வருவான்? ரோட்டப் பாத்து வாசல் இருந்தாதாம்மா யாவாரம்" என்றேன். "இது யாவாரம் இல்லைங்களே சார்" என்றது. "எல்லாம் யாவாரந்தாம்மா" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, பழைய வரி வசூல் அறையைப் பேசி முடித்தேன். சைக்கிளில் தவிடு விற்ற நான் நாலு தெரு கூடும் இடத்தில் கடை பிடித்துத்தான் மேலே வந்தேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். பலகையை ஜெயங்கொண்டத்தில் சொல்லி எழுத வைத்தேன். "மனநல ஆலோசனை மையம்" என்று ஆள் உயர எழுத்து. பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிய வேண்டும் என்று மேலே டியூப் லைட்டும் போட்டேன். திறப்பு விழாவில் மின்விசிறியில் என் பெயரை எழுதி உபயம் என்று போட்டுக்கொண்டேன். பேரூராட்சியில் கையிருப்பில் இருந்த காய்ச்சல் முகாம் ரிஜிஸ்டரை எடுத்து வாசலருகே மேசையில் வைத்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், நோய் என்று அதில் கட்டம் கட்டமாக இருந்தது.

ஒரு ஈ, காக்கை வரவில்லை, செந்தில். ஒரு மாதம் பார்த்தேன், மூன்று மாதம் பார்த்தேன். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்துக்கு அந்த வாசல் ஒரு பொழுதுபோக்கு. யாராவது நிழலுக்காக அந்தப் படியில் ஒதுங்கினால்கூட எதிரிலிருந்து கூப்பிடுவார்கள். "என்ன மாப்ள, சேந்துட்டியா?" அவன் துள்ளி இறங்கிவிடுவான். பரிமளா உள்ளே உட்கார்ந்து புத்தகம் படிக்கும். நான் கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பேன். "யாராச்சும் வந்தாங்களாம்மா?" "இல்லைங்க சார்." எனக்கு அந்தப் பெண் மேல் கோபம். வியாபாரத்துக்கு ஆள் வைத்தால் வாய் வேண்டாமா, வாசலில் நின்று நாலு பேரைக் கூப்பிட வேண்டாமா என்று மன்றக் கூட்டத்தில் நானே பேசினேன். வருடம் முடியப் போகிறது, இனி நம் பொது நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, "அதுக்கு அந்தப் பணத்துல பஸ் ஸ்டாப்புல உயரமா ஒரு கோபுர விளக்கு போடலாம்" என்று முதலில் சொன்ன ஆளும் நான்தான். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அப்போதுதான் பெரம்பலூரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இதை இப்போது சொல்ல வேண்டும். ஏழெட்டு மாதமாக உன் அம்மாவுக்குப் பல்வலி. பெரம்பலூரில்தான் நல்ல பல் டாக்டர் இருக்கிறாராம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை காலையில் பஸ் ஏறுவாள், சாயங்காலம் வருவாள். வாயில் பஞ்சு இல்லை, வீக்கம் இல்லை. அன்றைக்கும் வரும்போது கையில் முறுக்குப் பொட்டலம். நானும் கேட்டேன், "எத்தன பல்லுதான்டி இருக்கு உனக்கு? இன்னேரம் மொத்தத்தையும் புடுங்கிட்டு வேற வாயே வச்சிருக்கலாம்." நான் கோபுர விளக்கைப் பற்றி மேலே சொல்லிக்கொண்டே போனேன். அந்த அறையில் ஒருத்தர்கூட வரவில்லை, இந்த ஊரில் மனசு சரியில்லாதவன் ஒருத்தனும் இல்லை போலிருக்கிறது என்று சொன்னபோது முறுக்குப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் பல் டாக்டருகிட்ட போவல. அந்தப் பரிமளா புள்ளையப் பாக்கப் போறேன்."

"அது இங்கதானேடி இருக்கு? பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல?"

"அதனாலதான் போவல. ஒரு நாளு படியேறுனேன். எதுத்தாப்புல நின்னவ, 'என்ன மதினி, இங்க ஏறுற?'ங்கறா. மெம்பரத் தேடி வந்தேன்னு சொல்லி எறங்கிட்டேன். அந்த வாசல்ல நான் நொழஞ்சா, மெம்பரு பொண்டாட்டிக்கு மறை கழண்டுடுச்சுன்னு அடுத்த பஸ்ஸுக்குள்ள ஊரு பூரா போயிடும். பொட்டப் புள்ளைங்க வருமா அங்க? ஆம்பளதான் வருவானா? பேரு, அப்பன் பேரு, கதவு நம்பரு எழுதி, நோயின்னு போட்ட கட்டத்துல என்னன்னு எழுத? எந்தங்கச்சி செத்துட்டான்னு எழுதவா?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அதுக்கு அவ்ளோ தூரம் போயி என்னதான்டி பேசுற?" என்று கேட்டேன்.

"எந்தங்கச்சி செத்துட்டா. எம்புள்ளதான் ஏத்துனான்னு ஊரு பேசுது. ஏத்துனது நீங்கன்னு எனக்குத் தெரியும். இது மூணையும் வச்சுக்கிட்டு தெனமும் உங்களுக்கு சோறு போடுறேன்ல, அதப் பேசுறேன்."

இதுதான் நான் சுற்றி வந்த இடம், செந்தில். உன் அம்மா காதுகுத்தன்று வாசலில்தான் நின்றாள், எல்லாம் கேட்டாள். ஒன்பது பேர் மிஞ்சி நின்றபோது நீ, "இன்னொரு வேன் சொல்லிடலாம்பா, ரோடு பூரா சிமெண்டு லாரி, ஆள ஏத்தக் கூடாதுப்பா" என்று சொன்னாய். நான், "நம்ம வண்டி சும்மாதானே நிக்குது, எவனுக்குடா வேன் வாடகை?" என்றேன். நீ மறுபடி சொன்னாய். "வண்டிக்கு வட்டி கட்டுறது நானா, நீயா?" என்று ஒன்பது பேர் முன்னால் கேட்டேன். நீ சாவியை எடுத்துக்கொண்டாய். ஏறியவர்கள் அத்தனை பேருக்கும் இது காதில் விழுந்திருக்கும் என்றுதான் ஆஸ்பத்திரியில் பயந்து நின்றேன். அவர்கள் அண்டா ஏற்றுகிற சத்தத்தில் கவனிக்கவில்லையோ, கவனித்துவிட்டு மெம்பரை எதற்குப் பகைத்துக்கொள்வது என்று விட்டார்களோ தெரியவில்லை. நீ "நான்தான்" என்று சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது. இதைவிட அசிங்கமான ஒன்றை நான் என் வாழ்க்கையில் நினைத்ததில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம், சூடு தணியட்டும் என்று தள்ளினேன். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்றேன், வருஷம் திரும்பட்டும் என்றேன். எலெக்ஷனில் நின்ற மனுஷன், நாலு பேர் மதிக்கிற மனுஷன் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரில் உன்னை "சித்தியக் கொன்னவன்" என்று எவனோ சொன்னதாகக் கேள்விப்பட்டபோது அவனோடு சண்டைக்குப் போனேன். சண்டை போட்டேனே தவிர உண்மையைச் சொல்லவில்லை.

அடுத்த மன்றக் கூட்டத்தில் கோபுர விளக்குத் தீர்மானம் வந்தது. நான் எழுந்து, விளக்கு வேண்டாம், அந்த அறையை நடத்த வேண்டும் என்றேன். தலைவர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது. "என்னண்ணே, போன கூட்டத்துல லைட்டு லைட்டுன்னு குதிச்சது நீங்கதானே? எஸ்டிமேட்டு போட்டாச்சு. இப்ப வந்து இருட்டே இருக்கட்டும்ங்கறீங்க?" எட்டாவது வார்டு தங்கராசு எப்போதும் போல ஆரம்பித்தான். "ஒரு வருசமா அந்தப் பொண்ணு ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கு மெம்பரே. ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து இல்ல. இந்த ஊர்ல மறை கழண்டவன்னு யாரு இருக்கா, உங்களையும் என்னையும் விட்டா?" எல்லாரும் சிரித்தார்கள். செயல் அலுவலர் மட்டும் சிரிக்காமல், "பொது நிதியில கையிருப்பு கம்மி சார். ஆளே வராத ஒண்ணுக்குச் செலவு பண்ணா தணிக்கையில நான்தான் பதில் சொல்லணும். தேவை இருக்குன்னு ஒரு ஆளையாவது காட்டுங்க, எழுதிக்கிறேன்" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தொல்லை.

உன் அம்மாவின் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொல்லவும் இல்லை. இப்போது இங்கே எழுதுவதுகூட அவளிடம் கேட்டுத்தான். "எழுதுங்க, பல்லு நல்லாத்தான் இருக்குன்னும் சேத்து எழுதுங்க" என்றாள். அன்றைக்கு நான் என் பெயரைச் சொன்னேன். "தேவை எனக்குத்தான். லோடு வண்டியில ஆள ஏத்தச் சொன்னது நான். எம்மவன் வேணாம்னான். அவன அதட்டி ஏத்த வச்சேன். ரெண்டு வருசமா அவன் தலையில போட்டுட்டு ஊருக்குள்ள நிமிந்து நடக்குறேன். எனக்குத் தூக்கம் கெட்டு ரொம்ப நாளாச்சு. அந்த வாசல ரோட்டப் பாத்து வச்சதும் நான்தான். அதனாலதான் ஒருத்தரும் வரல. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல." தங்கராசு பேனாவை மூடி வைத்தான். பிறகு அவனே, "போன வருசம் எங்கண்ணன் மருமவன் பைக்கில போயிட்டான்ல, அண்ணன் பொண்ணு இன்னும் வூட்ட விட்டு வெளிய வரல" என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். மூன்றாவது வார்டு அம்மா, தன் தெருவில் ஒரு டிரைவர் வண்டியைத் தொடாமல் கிடப்பதைச் சொன்னது. ஒரு வருடமாக அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாக்கடைக்கும் சந்துக்கும் சண்டை போட்டிருக்கிறோம். இதில் ஒன்றையும் ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. பிறகு எங்கே ரிஜிஸ்டரில் எழுத்து விழும்?

ஆறு மாதத்துக்குத் தீர்மானம் ஆனது. ஒரு முழு வருடத்துக்குக் கேட்டேன், கிடைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி கையேந்த வேண்டும், ஏந்துவேன். அறையைச் சுகாதார நிலையத்தின் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டோம், அந்தப் பெண் முதலில் காட்டிய அதே இடம். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை வாங்க அங்கே ஊரே வருகிறது. வரிசையில் நிற்கிறவர் மாத்திரை வாங்கிக்கொண்டு இப்படித் திரும்பினாரா, அப்படித் திரும்பினாரா என்று எவனும் பார்க்க மாட்டான். ரிஜிஸ்டரைத் தூக்கியாகிவிட்டது. வருகிறவருக்கு ஓர் எண், அவ்வளவுதான். இப்போது உட்கார இடம் பத்தாமல் மரத்தடியில் பெஞ்சு போட்டிருக்கிறது. நானும் போனேன். முதல் நாள் அரை மணி நேரம் மக்காச்சோள விலையைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. இரண்டாம் நாளும் விலையில்தான் ஆரம்பித்தேன், பாதியில் உன் பேச்சு வந்துவிட்டது. அதற்கு மேல் உனக்கு எதற்கு?

உன் சித்தப்பாவுக்கு நான் போய்ச் சொல்வதற்குள் செய்தி போய்விட்டது. மறுநாள் காலையில் கடைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"கேள்விப்பட்டது நெசமாண்ணே?"

"நெசந்தான்."

"ஆஸ்பத்திரியில அவன் நான்தான்னு சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"ரெண்டு வருசம்ண்ணே. திருப்பூர்லேந்து வாரா வாரம் போன் பண்ணான். நான் எடுக்கல. அவ தெவசத்தன்னிக்குப் பண்ணான். எடுக்கல. அந்தப் புள்ளைய அடிச்ச கை இது."

அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கத்தவில்லை. போய்விட்டார். அன்றிலிருந்து தீவனம் வேறு கடையில் வாங்குகிறார். எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார். அது எனக்கு வர வேண்டியது, வந்திருக்கிறது. நீ அவருக்கு வாரா வாரம் போன் செய்தாய் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னிடம் மூன்று சொல், எடுக்காத போனுக்கு இரண்டு வருடம். நன்றாக இருக்கிறதப்பா உன் நியாயம்! கோபத்தில் சொல்கிறேன், விடு. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மஸ்கட் போகிற பிள்ளைக்கு அப்பன் சொல்கிற புத்தியையும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்க மாட்டாய், எழுதாமல் எனக்கு இருக்க முடியாது. அங்கே உன்னை வண்டி ஓட்டச் சொன்னால், இப்போது முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடு. வீறாப்புக்காக ஏறாதே. இன்னொருத்தன் செய்த தப்பை, அது முதலாளியாக இருந்தாலும், அப்பனாகவே இருந்தாலும், உன் தலையில் வாங்கிக்கொள்ளாதே. அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. தப்பு செய்தவன் திருந்துகிற வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறாய். ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் யாரிடமாவது சொல். பரிமளா போனிலும் பேசும், நம்பரை உன் அம்மா அனுப்புவாள். உனக்குப் பைத்தியம் என்று நான் சொல்லவில்லை. கை முறிந்தால் கட்டுப் போடாமல் மூட்டை தூக்குவாயா? கட்டுப் போட விடாமல் உன்னை மூட்டை தூக்கச் சொன்ன ஆள் நான், அதனால்தான் நானே சொல்கிறேன்.

போன வாரம் உன் சித்தப்பா நான் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்கு வந்திருக்கிறார். உன் அம்மாவிடம், "பய எப்ப கெளம்புறான் அண்ணி?" என்று கேட்டிருக்கிறார். இவள் தேதியைச் சொல்லியிருக்கிறாள். "நான் திருச்சிக்கு வந்தா பேசுவானா? இல்ல, அவன வூட்டுக்கு வரச் சொல்றீங்களா? நான் கறி எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போயிருக்கிறார். அந்த மனுஷன் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் உனக்குக் கறி எடுத்து வைக்கிறேன் என்கிறார். அதற்கும் "ம்", "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடாதே.

என்னைப் பார்ப்பது உனக்குச் சங்கடம் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கி அவர் வீட்டுக்குப் போக வேண்டுமானால் நம் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், நான் கல்லாவிலிருந்து பார்ப்பேன் என்று யோசிப்பாய். யோசிக்காதே. என்றைக்கு வருகிறாய் என்று உன் அம்மாவிடம் மட்டும் சொல். அன்றைக்குக் காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டு லோடு பார்க்கப் பெரம்பலூர் போய்விடுகிறேன். நீ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாய் என்று தெரிந்த பிறகு திரும்பி வருகிறேன்.